பெரிய பட்டியிலிருந்து வந்தவை

செவ்வாய்க்கிழமை தடுப்பூசி நாள் என்பதால் கல்லுமேட்டுப்புதூர் மாட்டாஸ்பத்திரி வாசலில் எப்போதும் கூட்டம் இருக்கும், அதனால் புள்ளிமான்கள் வந்து வரிசையில் நின்றதை முதலில் யாரும் தனியாகக் கவனிக்கவில்லை. வாசல் பெருக்குகிற மயிலாத்தாள்தான், நகரச் சொல்லி ஒரு காலை விளக்குமாற்றால் தட்டியபோது, அந்தக் கால் ஆட்டின் காலைவிட மெலிசாகவும் நீளமாகவும் இருப்பதைக் கண்டு நிமிர்ந்து பார்த்தாள். குப்பாத்தாளின் இரண்டு செம்மறிக்குப் பின்னால் ஐந்து மான்கள், மூக்கில் சளி ஒழுக, கண்ணோரம் பீளை கட்டி, உதடெல்லாம் புண்ணாகி, ஒன்றின் முதுகில் ஒன்று தாடையைச் சாய்த்துக்கொண்டு, ரேஷன் கடையில் நிற்கிற சனங்களைப் போல அலுப்பும் பொறுமையுமாக நின்றிருந்தன.

கம்பவுண்டர் அர்த்தநாரி, டாக்டர் இடம் காலியாகி ஒன்றரை வருஷமாகத் தானே எல்லாமாக இருப்பவர், தலை நிமிராமல் டோக்கன் கொடுக்கிற வழக்கம் உள்ளவர். பதினாலாம் நம்பர் அட்டையை நீட்டினார், வாங்கக் கை வரவில்லை, கொம்புதான் வந்தது. அட்டையின் கயிற்றைக் கொம்பில் மாட்டிவிட்டு "அடுத்து" என்றார்.

"ஏனுங் கம்பவுண்டரே, எனக்கு முன்னாடி மானுக்குக் குடுத்துட்டீங்?" என்று கேட்டபடி ஓடி வந்தாள் சரசாள், தன் கிடாயை இழுத்துக்கொண்டு.

"முன்னாடி வந்துச்சு, முன்னாடி குடுத்தேன். நீ டீ குடிக்கப் போயிட்டேல்ல?"

"செருப்ப உட்டு எடம் போட்டுட்டுத்தானுங் போனேன்!"

"உன்ற செருப்பு அங்கியேதான் கெடக்குது. மான் அதைத் தாண்டித்தான் நிக்குது, மிதிக்கக்கூட இல்லை, போய்ப் பாரு."

சரசாள் போய்ப் பார்த்தாள், செருப்பு மிதிபடாமல்தான் கிடந்தது, அதற்கு மேல் அவளால் சண்டை போட முடியவில்லை. முறை வந்தபோது அந்த ஐந்துக்கும் செய்வதற்கு ஒன்றுமில்லை, ஏனென்றால் ஆட்டுக்கொல்லி நோய் வந்த பிறகு போடுகிற ஊசி என்று ஒன்று கிடையாது, வருவதற்கு முன்னால் போடுவதுதான் ஊசி. மயிலாத்தாள் உப்புத்தண்ணீரில் துணியை நனைத்து அவற்றின் கண்ணையும் வாயையும் துடைத்துவிட்டாள். ஒரு டப்பாவில் தண்ணீர் வைத்தாள். அவை அதைக் குடித்த குடியைப் பார்த்து வரிசையில் நின்ற அத்தனை பேரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். தண்ணீர் தீர்ந்ததும் மான்கள் டோக்கனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சோதனைச்சாவடி வழியாக மூன்று கல் சுற்றிக் காட்டுக்குத் திரும்பின.

அடுத்த செவ்வாய் பதினொன்று வந்தன, அதற்கடுத்த செவ்வாய் பதினெட்டு, பங்குனி பிறந்தபோது கடமான்களும் வந்தன, ஒரு காட்டெருமை வந்து வாசல் குறுகலாக இருக்கவும் புளியமரத்தடியில் நின்றுகொண்டது, அதன் முறை வரும்போது கம்பவுண்டரே எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சந்தைக்குப் போகும் பஸ் டிரைவர் செவ்வாய்க்கிழமை மட்டும் ஹாரன் அடிப்பதை விட்டார். டீக்கடைக்காரர் அன்றைக்கு மட்டும் பாலை அரைப்படி கூட வாங்கினார், மான் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருவார்கள் என்று, ஆனால் யாரும் வரவில்லை, ஏனென்றால் சீக்கு மானைப் பார்க்க எவருக்கும் ஆசை இல்லை. பஞ்சாயத்துக் கூட்டத்தில், காட்டுச் சீவன்களுக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்க வேண்டும் என்று ஒரு மனு வந்தது. "சரி, வியாழக்கிழமைன்னு வைச்சுக்குவோம், அதைப் போயி அதுககிட்ட யாரு சொல்றது?" என்று தலைவர் கேட்டார், மனு அதோடு நின்றது. வனத்துறை வாச்சர் மாதேவன், எல்லை தாண்டி வருவதற்கு அனுமதிக் கடிதம் வேண்டும் என்று சொல்லிப் பார்த்து, கடிதத்தில் யார் கையெழுத்துப் போடுவது என்று தெரியாமல், கடைசியில் சாவடியில் உட்கார்ந்து காலையில் வெளியே போனது எத்தனை, சாயங்காலம் உள்ளே வந்தது எத்தனை என்று எண்ணுவதோடு திருப்திப்பட்டுக்கொண்டார். இப்படியாக ஊர் அதைத் தன்னுடைய வழக்கங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது, கடைசியில் எந்த வாரமாவது மான் தாமதித்தால், "இன்னும் காணமே, பஸ்ஸு போச்சா?" என்று கேட்கிற அளவுக்கு.

கம்பவுண்டருக்கு மட்டும் ஒரு சங்கடம் இருந்தது. ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் ஒவ்வொரு பிராணிக்கும் உரிமையாளர் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதைக் காலியாக விட்டால் மேலே இருந்து திருப்பி அனுப்புவார்கள். இரண்டு வாரம் யோசித்துவிட்டு அவர் அந்தக் கட்டத்தில், ஊரில் எல்லோரும் சொல்கிற பேச்சுதானே என்று, 'பெரிய பட்டி' என்று எழுதினார். அந்த ஒரு சொல்தான் மயிலாத்தாளின் தூக்கத்தைக் கெடுத்தது.

ஏனென்றால் பெரிய பட்டி என்றால் என்ன என்று கல்லுமேட்டுப்புதூரில் முப்பத்தெட்டு வீட்டுக்கும் தெரியும், வெளியே ஒருவருக்கும் தெரியாது. ஆட்டுக்கு மூக்கு ஒழுகிக் கழிச்சல் கண்டு இனித் தேறாது என்று ஆகிவிட்டால், அதை அறுக்கவும் மாட்டார்கள், விற்கவும் மாட்டார்கள். நெற்றியில் மஞ்சள் பூசி, கழுத்தில் வேப்பங்கொத்துக் கட்டி, ஒரு கை ராகியும் உப்பும் தின்னக் கொடுத்து, அந்த வீட்டுப் பொம்பளை அதை ஓடைக்கு அக்கரையில் கொண்டுபோய்க் காட்டில் விட்டுவிட்டு வருவாள். நோயும் அதோடு போய்விடும், மிச்ச ஆடு பிழைக்கும். ஆடு எங்கே என்று கேட்டால், பெரிய பட்டியில் சேர்த்துவிட்டேன் என்பாள், அதற்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள். இது பாவம் என்று ஒருத்திக்கும் தோன்றியதில்லை. அறுக்காமல் விடுவது எப்படிப் பாவமாகும்?

ஒன்றரை வருஷத்துக்கு முந்தின ஐப்பசி மழையில் அந்த நோய் வந்தது. கார்த்திகையில், நோய் எங்கிருந்து எங்கே போகிறது என்று ஆராய்ச்சி செய்ய டாக்டர் ஜெசிந்தா வந்தாள், நாகர்கோயில் பக்கத்துக்காரி, நாற்பது வயதுக்குள், கட்டம் போட்ட சட்டையும் ரப்பர் பூட்ஸுமாக. பட்டி ஆட்டுக்கும் காட்டு மானுக்கும் நடுவே ஒரு கிருமி எப்படி நடமாடுகிறது என்பதுதான் அவள் படிப்பு. வீடு வீடாக ரத்தம் எடுத்தாள், காட்டுக்குள் போய் மான் புழுக்கை பொறுக்கினாள், செத்த மானின் மூக்கில் பஞ்சை விட்டு எடுத்தாள். ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளோடு எல்லா வீட்டுக்கும் போனவள் மயிலாத்தாள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் டாக்டர் ஒரு காகிதத்தைப் பார்த்துப் படித்தாள்: உங்கள் நோயுற்ற ஆடு எதுவாவது ஓடைக்கு அந்தப் பக்கம் போனதா? முதல் வீடு குப்பாத்தாளுடையது. ஆடு காட்டுக்குள் நுழைந்தால் வனத்துறை கேஸ் போடும் என்கிற பயத்தில் குப்பாத்தாள் இல்லை என்றாள், சொல்லிவிட்டு மயிலாத்தாளைப் பார்த்தாள், மயிலாத்தாள் ஐஸ் பெட்டியைப் பார்த்தாள். அதற்குப் பிறகு மிச்ச முப்பத்தேழு வீட்டிலும் இல்லை, அதில் ஒன்றான மயிலாத்தாள் வீட்டிலும் இல்லை.

முப்பத்தெட்டு இல்லைகளைச் சேர்த்து டாக்டர் எட்டுப் பக்கம் எழுதினாள், நோய் காட்டிலிருந்து ஊருக்கு இறங்கியது என்று. அது அச்சாகி, மேலே போய், நல்லதாகத்தான் முதலில் திரும்பி வந்தது: ஆடுகளுக்குத் தடுப்பூசி வந்தது. பிறகு, மானும் ஆடும் ஒரே தண்ணீரில் வாய் வைக்கக் கூடாது என்று ஓடைக்கு அந்தக் கரை முழுக்கக் கம்பிவேலி வந்தது. கோடையில் அந்தப் பக்கக் காட்டுக்கு அந்த ஓடையை விட்டால் வேறு தண்ணீர் கிடையாது. காய்ச்சல் கண்ட மான்கள் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று தண்ணீரின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பதைத் துணி துவைக்கப் போகிறவர்கள் பார்த்தார்கள், பார்த்துவிட்டுத் துணியை அலசி எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

சித்திரை முதல் வாரம், மான்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிற செய்தி கேட்டு ஜெசிந்தா மறுபடி வந்தாள். வரிசையில் நின்றவற்றின் ரத்தம் எடுத்தாள், பழைய கணக்கையும் புதிய கணக்கையும் வைத்துப் பார்த்தாள், பதிவேட்டைப் புரட்டினாள், விரல் ஒரு கட்டத்தில் நின்றது.

"பெரிய பட்டின்னா என்ன, கம்பவுண்டர்?"

அர்த்தநாரிக்கு மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிற அவசரம் வந்துவிட்டது. வரிசையில் இருந்த பொம்பளைகள் ஆட்டுக் கயிற்றைச் சரி செய்தார்கள். ஜெசிந்தா மயிலாத்தாள் பக்கம் திரும்பினாள்.

"மயிலாக்கா, நீங்க சொல்லுங்க. ஊர்ல ஆடு சீக்கான தேதி முன்னாடி வருது. மான் சீக்கான தேதி மூணு வாரம் கழிச்சு வருது. நான் எழுதினதுக்கு நேர்மாறா இருக்கு. எங்க தப்பு பண்ணேன்?"

"எனக்கென்னங் டாக்டரம்மா தெரியும், நா அஞ்சாவதுக்கு மேல போகாதவ," என்று சொல்லிவிட்டு மயிலாத்தாள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு, ஏற்கெனவே பெருக்கிய இடத்தை மறுபடி பெருக்கினாள்.

அன்றைக்குச் சாயங்காலமே நாத்தனார் பழனாத்தாள் வந்து அடுப்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

"என்ன நங்கையா, இந்நேரத்துல?" என்றாள் மயிலாத்தாள்.

"டாக்டரு உன்னையே சுத்திச் சுத்திக் கேக்குதாமா. வாயத் தொறந்தீன்னா முப்பத்தெட்டு வீட்டு மேலயும் கேஸு. வர்ற ஊசியும் நின்னு போகும். ஆஸ்பத்திரில உன்ற வேலையும் போகும். அப்பறம் நீ இந்த ஊருக்குள்ள எப்படித் தண்ணி எடுக்கறேன்னு பாக்கறேன்."

"மானுக்குத் தண்ணியில்லாமப் போச்சுங் நங்கையா."

"மானுக்கு நீ என்ன மாமியாளா? பேசாத கெட."

மயிலாத்தாள் பேசாமல்தான் கிடந்தாள், இரண்டு செவ்வாய். வரிசையில் ஒரு கிழட்டுப் பெண்மான், காது கிழிந்தது, வாரா வாரம் வந்து அவள் பெருக்குகிற இடத்திலேயே நிற்கும், டோக்கன் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அவளைப் பார்த்தபடி நிற்கும். இரண்டாம் செவ்வாய் அது நிற்கவில்லை, முன்னங்காலை மடித்து உட்கார்ந்துவிட்டது. மயிலாத்தாள் அதன் கண்ணைத் துடைத்தாள். பீளை விலகி, உள்ளே இருந்த கரிய கண்ணில் ஆஸ்பத்திரி வாசலும் ஓட்டுக் கூரையும் விளக்குமாறும் சின்னதாகத் தெரிந்தன, அவளும் தெரிந்தாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை.

"டாக்டரம்மா," என்றாள், எழுந்திருக்காமலே, துணியைப் பிழிந்தபடி. "அந்தக் காயிதத்துல நாங்க சொன்னது அத்தனையும் பொய்யிங்க."

பிறகு மஞ்சளையும் வேப்பங்கொத்தையும் ராகியையும் சொன்னாள், ஓடையைச் சொன்னாள், பெரிய பட்டி என்றால் என்ன என்று சொன்னாள். வரிசை முழுக்க அதைக் கேட்டுக்கொண்டு நின்றது. ஜெசிந்தா அழவில்லை, கத்தவில்லை, பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பூட்ஸைக் கழற்றி உள்ளே இல்லாத கல்லைத் தட்டினாள்.

"ஒன்றரை வருஷம் ஆச்சேக்கா," என்றாள். "அன்னைக்கே சொல்லியிருந்தா ஆட்டுக்கும் ஊசி வந்திருக்கும், ஓடையும் திறந்தே இருந்திருக்கும். அந்தக் கம்பியை வேற யாரும் கட்டலை. என்னோட எட்டுப் பக்கம்தான் கட்டுச்சு. நானும் ஒரு தடவை மறுபடி வந்து கேட்டிருக்கலாம். எல்லா வீட்டுலயும் ஒரே பதில் வந்தப்பவே சந்தேகப்பட்டிருக்கணும்."

"நானே போயி அந்தக் கம்பிய அறுத்துப் போட்டுரட்டுங்களா?" என்றாள் மயிலாத்தாள்.

வாச்சர் மாதேவன் வாசலில் இருந்து சொன்னார்: "ரெண்டு தடவ அறுந்துச்சு, ரெண்டு தடவயும் மறுநாளே வந்து கட்டிட்டுப் போயிட்டாங்க." யார் அறுத்தது என்று அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

எழுதியதை எழுதித்தான் அழிக்க முடியும், அதற்கு முப்பத்தெட்டு வீட்டுப் பதிலும் திருத்திக் கையெழுத்தோடு வேண்டும் என்றாள் ஜெசிந்தா. யார் மேலும் கேஸ் வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்றாள், அதை மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொன்னாள். மறுநாள் புதன்கிழமை, இரண்டு பேரும் குப்பாத்தாள் வீட்டுக்குப் போனார்கள்.

"எங்க ஆடு எங்கயும் போகலியே," என்றாள் குப்பாத்தாள். பிறகு மயிலாத்தாளிடம், "வெக்கமா இல்ல உனக்கு? ஊரைக் காட்டிக் குடுத்துட்டு ஐஸ் பொட்டியத் தூக்கிட்டு வர்றியே," என்று கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றைக்குப் போன ஏழு வீட்டிலும் இதே கதைதான், குழாயடியில் மயிலாத்தாளின் குடத்தை ஓரமாக நகர்த்தி வைத்தார்கள்.

ஆனால் அடுத்த செவ்வாய்க்கிழமை, டோக்கன் வாங்கிய மான்கள் வரிசையைக் கலைக்காமல் ஆஸ்பத்திரியை விட்டு இறங்கி, ஐஸ் பெட்டி தூக்கியவளுக்குப் பின்னால் நடந்து வந்தன. இருபத்து மூன்று மான்கள். குப்பாத்தாள் கதவைத் திறந்தாள், டாக்டர் காகிதத்தைப் படித்தாள், குப்பாத்தாள் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். டாக்டரின் தோளுக்குப் பின்னால் கழுத்தில் நம்பர் அட்டை தொங்க, மூக்கு ஒழுக, இருபத்து மூன்று முகங்கள் தம் முறைக்குக் காத்திருப்பதைப் பார்த்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள். பிறகு உள்ளே போய் ஒரு அண்டாத் தண்ணீரைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, "ரெண்டு ஆடுங்க," என்றாள். "ஒண்ணு சுழிச்சி. ஒண்ணு கரும்போரை. ரெண்டையும் ஒரே நாள்ல உட்டேன்."

அப்படித்தான் அது நடந்தது. மான் பின்னால் நிற்கும்போது யாராலும் இல்லை என்று சொல்ல முடியவில்லை, மற்ற நாளில் போனால் யாரும் ஆமாம் என்று சொல்லவில்லை, அதனால் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் போக முடிந்தது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வரிப் பதிலோடு முடியவில்லை. விட்ட ஆட்டின் பெயர், அது எத்தனை குட்டி போட்டது, ராகியைத் தின்றதா கையை நக்கியதா, அக்கரையில் நின்று கத்தியதா, எல்லாம் ஒன்றரை வருஷமாக உள்ளே கிடந்தது வெளியே வந்தது, சரசாள் தான் விட்ட கிடாயைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. பழனாத்தாள் மட்டும் மூன்று வாரம் கதவைத் திறக்கவில்லை, நான்காவது வாரம் அவளாகவே திறந்து, டாக்டர் படிக்கும் முன்பே, "நாலு, நாலுங்க," என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வாசலுக்கு வாசல் அண்டாவிலும் தேக்சாவிலும் தண்ணீர் வைத்தார்கள். மற்ற ஆறு நாளும் அந்தத் தண்ணீர் வெயிலில் கிடந்து சுட்டது, மான்கள் செவ்வாய்க்கிழமை அல்லாத நாளில் வருவதில்லை. இரண்டாம் செவ்வாய் பத்தொன்பது வந்தன. மூன்றாம் செவ்வாய் பதினாறு. காட்டெருமை வரவில்லை, புளியமரத்தடி வெறுமனே கிடந்தது. நான்காம் செவ்வாய் காது கிழிந்த பெண்மானும் இல்லை, மயிலாத்தாள் வரிசையின் தலையிலிருந்து கடைசி வரை இரண்டு தடவை நடந்து பார்த்துவிட்டு வந்து ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள்.

ஐந்தாம் செவ்வாய், வைகாசி நடு வெயில், கடைசி வீடு. ஊரின் கடைசியில், ஓடைக்கு முதல் வீடாக இருப்பது மயிலாத்தாளுடையது.

அவள் ஐஸ் பெட்டியை வாசலில் வைத்தாள், படியேறி உள்ளே போனாள், மற்றப் பொம்பளைகளைப் போலவே நிலைக்கு உள்ளே நின்று திரும்பினாள். ஜெசிந்தா வெளியே நின்றாள். பின்னால் ஒன்பது மான்கள் நின்றன. அத்தனை வீட்டிலும் படித்ததைப் போலவே டாக்டர் காகிதத்தைப் பார்த்துப் படித்தாள், அக்கா என்று கூப்பிடாமல்.

"உங்கள் நோயுற்ற ஆடு எதுவாவது ஓடைக்கு அந்தப் பக்கம் போனதா?"

"ஒண்ணுங்க. செம்பின்னு பேரு. ரெண்டு ஈத்து ஈன்னது. ஐப்பசி இருவத்தொண்ணு, மழ விட்டிருந்த நேரம், நாந்தான் கூட்டிட்டுப் போயி உட்டேன்."

டாக்டர் எழுதினாள். அடுத்த கேள்வி ஒன்று இருந்தது, முப்பத்தேழு வீட்டிலும் இல்லை என்றே பதில் வந்தது, அது பொய்யும் இல்லை, விட்ட ஆட்டை மறுபடி போய்ப் பார்க்கிற வழக்கம் ஊரில் யாருக்கும் கிடையாது. அதனால் ஜெசிந்தா பேனாவை அந்தக் கட்டத்துக்கு நகர்த்திக்கொண்டே படித்தாள்.

"விட்ட பிறகு அந்த ஆட்டை மறுபடி பார்த்தீர்களா?"

மயிலாத்தாள் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தேனுங்க," என்றாள். "மனசு கேக்காம மறுநா வெடியால போனேன். செத்திருக்கும்னுதான் போனேன். தண்ணியோரமா நின்னுட்டிருந்துச்சு. அதைச் சுத்தி மானுக. அதோட மூக்குச் சளிய நக்கி உட்டுச்சுக, கண்ணுப் பீளையக்கூட நக்கி எடுத்துச்சுக, கன்னுக்குட்டிய நக்கறாப்பல. செம்பி கண்ண மூடி நின்னுட்டிருந்துச்சு. எனக்கு எம்புட்டோ சந்தோசமாப் போச்சுங்க டாக்டரம்மா. அய்யோ தனியா உட்டுட்டமேன்னு இருந்தேன், தொணை கெடச்சிருச்சுன்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டு வந்தேன்."

அந்தக் கட்டத்தில் ஆம், இல்லை என்று இரண்டே இடம்தான் இருந்தது. ஜெசிந்தா ஆம் என்று குறித்தாள். பிறகு காகிதத்தைத் திருப்பி, எதுவும் அச்சடிக்காத பின்பக்கத்தில் பேனாவை வைத்துக்கொண்டு, "எத்தனை மான்?" என்று கேட்டாள்.

"மூணுங்க," என்றாள் மயிலாத்தாள், வாசலில் நின்றவற்றைப் பார்க்காமல்.